குடும்ப டாக்டரை மாற்றும்போது பையில் இருக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குடும்ப டாக்டரை மாற்ற எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். நேற்று வரை தக்கலையில் காட்டியவர் இன்று மார்த்தாண்டத்தில் டோக்கன் எடுக்கலாம். நாளைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறலாம். ஏன் மாறினாய் என்று கேட்க ஆளில்லை. சிக்கலும் இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. ஆள் மட்டும் மாறிவிடுகிறார். அவருடைய பத்து வருட நோய்க் கதை பழைய டாக்டரின் மேசையிலும், பெரும்பாலும் அவர் மண்டைக்குள்ளும், தங்கிப்போகிறது.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் அங்கே வேறு கதை. குடும்ப டாக்டர் நிலையம் ஒன்றில் பெயர் பதிய வேண்டும். மாற நினைத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. புது இடத்தில் பதிந்துவிட்டால் பழைய இடத்துப் பதிவுகள் பின்னாலேயே வந்து சேரும். இங்கே பதிவும் கிடையாது, பின்னால் வருவதும் கிடையாது. நாம் கையில் எடுத்துக்கொண்டு போவது மட்டும்தான் போய்ச் சேரும்.

இதற்கு விலக்கானவர்கள் சிலர் உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி ஒரு குறிப்பிட்ட மருந்தகத்தோடு இணைக்கப்பட்டிருப்பார். வீடோ வேலை இடமோ மாறினால் கம்பெனி மூலமாகவோ ஈ.எஸ்.ஐ. இணையதளத்திலோ மருந்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் பக்கத்து ஊர் மருந்தகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் அவரவர் இணைந்திருக்கும் பாலிகிளினிக்தான் வாசல். மற்ற எல்லோருக்கும் கதவு அகலத் திறந்தே கிடக்கிறது.

பழைய டாக்டர் எழுதி வைக்காத விஷயங்கள்

பல வருடம் ஒரே ஆளைப் பார்த்த டாக்டருக்குச் சீட்டில் இல்லாத பல சங்கதிகள் தெரியும். குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியும் முன் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வயிற்றில் ஒரு கட்டஞ்சாயா மட்டும். காலைச் சாப்பாடு வெட்டு முடிந்து எட்டரை, ஒன்பது மணிக்குத்தான். இவருக்குக் கிளிமிபிரைடு மாத்திரையை ‘காலையில்’ என்று எழுதினால் எழுந்ததும் போட்டுவிடுவார். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டியது. வெறும் வயிற்றோடு நூறு மரம் தாண்டும்போதே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். பழைய டாக்டர் இதை ஒரு தடவை பார்த்துவிட்டு ‘வெட்டு முடிஞ்சு சாப்பிடும்போது போடும்’ என்று வாயால் சொல்லியிருப்பார். சீட்டில் 1-0-0 என்றுதான் இருக்கும். அதையே பார்த்து எழுதும் புது டாக்டர்மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கரையேற வாரக் கணக்காகும். பத்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து ‘முடிந்ததும் வாருங்கள்’ என்றால் அவர் வரப்போவதில்லை. இன்சுலின் போடுகிறவர் என்றால் படகின் ஐஸ் பெட்டியில் மருந்தை நேரடியாகப் புதைத்து வைக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பிரித்ததை வெயில் படாமல் சாதாரணக் குளிர்ச்சியில் வைத்து ஏறக்குறைய நாலு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆகவே புது டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியவை செய்யும் வேலை, எழும் நேரம், சாப்பிடும் நேரம். நோயின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒரு பக்கம் போதும்

ஒரு கட்டு காகிதத்தை மஞ்சப்பையோடு மேசைமேல் கவிழ்த்தால் எந்த டாக்டரும் படிக்க மாட்டார். வெளியே நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது அவரால் முடியவும் முடியாது. கட்டுக்கு மேலே ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையை வைத்து எழுதலாம். மாதிரிக்கு ஒன்று:

வயது 62, பெண். சுகர் 2014 முதல், பிரஷர் 2017 முதல். 2021-ல் பித்தப்பை ஆபரேஷன்.
இப்போது: கிளிமிபிரைடு 1 + மெட்ஃபார்மின் 500, காலை, இரவு சாப்பாட்டோடு. டெல்மிசார்டன் 40, காலை. ஆறு மாதமாக மாற்றம் இல்லை.
நிறுத்தியது: எனாலாபிரில், வறட்டு இருமல் வந்ததால், 2018.
ஆகாதது: சல்பா மாத்திரை. உடம்பெல்லாம் தடித்தது.
கடைசி டெஸ்ட்: மார்ச் மாதம். ஹெச்.பி.ஏ.1சி 7.8. கிரியாட்டினின் 1.0.
வேறு: முட்டுவலிக்கு ஆசானிடம் எண்ணெயும் கஷாயமும். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு.

இதில் ‘நிறுத்தியது’ என்ற வரிதான் பெரும்பாலும் விடுபடும். கூடுதல் சேதம் வருவதும் அதனால்தான். எனாலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அதற்காகத்தான் பழைய டாக்டர் மாத்திரையை மாற்றியிருப்பார். இடம் மாறி வேறு இடத்தில் பிரஷருக்குக் காட்டும்போது மறுபடியும் எனாலாபிரில் கைக்கு வரும். இரண்டு வாரத்தில் இருமல் வரும். இருமலுக்கு டானிக், நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஒரு சுற்று ஆன்டிபயாடிக் என்று செலவு வளரும். ‘இருமல் வந்ததால் நிறுத்தினார்கள்’ என்ற ஒரே வரி இத்தனையையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

கடைசி வரியில் ஆசான் வைத்தியத்தை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய. வர்ம ஆசான்மார் வீட்டுக்கு வீடு அறிமுகமான மாவட்டம் இது, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. எழுதினால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறார்கள். திட்டட்டும். பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்து உள்ளே போகிறதா என்பது சிறுநீரகக் கணக்கைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அட்டையின் பெயரும் உள்ளே இருக்கும் மருந்தும்

டாக்டர் மாறும்போது நடக்கும் விபத்துகளில் முக்கியமான ஒன்று இரட்டை மருந்து. டெல்மா 40 என்றாலும் டெல்மிகைண்ட் 40 என்றாலும் உள்ளே டெல்மிசார்டன் 40 மில்லிகிராம்தான். தைரோநார்ம், எல்ட்ராக்சின் இரண்டுமே லெவோதைராக்சின். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, ஆகவே வேறு மருந்து என்று நம்பி இரண்டையும் போடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் தனியார் டாக்டர் தந்த கூட்டு மாத்திரைக்குள் மெட்ஃபார்மினும் இருக்கும், வீட்டுக்கு வந்த உறையிலும் மெட்ஃபார்மின் 500 இருக்கும். சுகாதாரத் தன்னார்வலர் தரும் மாத்திரையைப் புது டாக்டரிடமும், டாக்டரின் சீட்டைத் தன்னார்வலரிடமும் காட்டினால்தான் இது பிடிபடும்.

அம்லோடிபின் கதை இன்னும் சுற்றிப் போகும். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை ஒன்று பழைய டாக்டர் கொடுத்தது, தனி அம்லோடிபின் வேறு இடத்தில் வாங்கியது. இரண்டும் சேர்ந்தால் கணுக்கால் வீங்கும். அது அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. புது டாக்டருக்கு இரட்டை மருந்து தெரியாததால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதுவார். அதில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து தலைசுற்றும். தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை. இப்படிச் சங்கிலி நீள்கிறது, தொடங்கிய இடத்தை யாரும் தேடுவதில்லை.

ஆகவே மாத்திரைகளை அட்டையோடு கொண்டு போங்கள். மெடிக்கல் ஸ்டோரில் பத்தில் நாலை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டுதான் பெரும்பாலும் வரும். பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கலாம், அல்லது முழு அட்டையை வெட்டும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மருந்துகளை மூலப் பெயரில், தெளிவாக, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகள் 2016 திருத்தத்துக்குப் பிறகு சொல்கின்றன. புது டாக்டரிடம் ‘மருந்தோட மூலப் பெயரும் சேர்த்து எழுதித் தாங்க சார்’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இன்சுலின்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். ஊசியிலும் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசியை எடுத்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக நடந்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அப்போது நேராக அவசரப் பிரிவுதான். ‘காலையில் இருபது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் குப்பி, எந்த ஊசி என்று சாமான்களையே மேசைமேல் வைத்துக் காட்ட வேண்டும்.

பொட்டலத்தில் வரும் மாத்திரை

பழைய பாணி டாக்டர் வீடுகளில் இன்னும் காகிதப் பொட்டலத்தில் மாத்திரை மடித்துத் தருவதுண்டு. வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்ணு, சிவப்பு ராத்திரிக்கு. மலிவு, கைமேல் பலன், ஊருக்குப் பிடித்த முறை. ஆனால் டாக்டரை மாற்றும்போது இதைவிடச் சிக்கலானது வேறில்லை, காரணம் உள்ளே என்ன என்பதற்குச் சாட்சியே கிடையாது. முட்டுவலிக்கும் வீசிங்குக்கும் தரும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், அது வரை வெளியிலிருந்து கிடைத்ததை உடம்பு தானே சுரக்க உடனே பழகாது. பிரஷர் இறங்கும், வாந்தி வரும், ஆள் துவண்டு விழுவார். பொட்டல மருந்து நாள்பட்டுச் சாப்பிட்டவர் டாக்டரை மாற்றும் முன் அந்தப் பெயர்களை எழுதி வாங்கியே ஆக வேண்டும். கொடுக்க மறுத்தால் மருந்து தீரும் முன்பே ஒரு பொட்டலத்தை அப்படியே புது டாக்டரிடம் கொண்டு போய், எத்தனை மாதமாகப் போட்டது என்று சொல்லுங்கள். அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று எண்ணித்தான் அவர் படிப்படியாகக் குறைப்பார்.

புது டாக்டர் பார்க்கும் வரை தானாக நிறுத்தக் கூடாதவை இன்னும் சில. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள். பிரஷருக்கான குளோனிடின். வலிப்பு மாத்திரைகள். அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். ஸ்டென்ட் வைத்தவர்களின் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். ‘புது டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்’ என்று ஒரு வாரம் சும்மா இருப்பதுதான் ஆபத்து. கையில் குறைந்தது 15 நாள் மருந்து இருக்கும்போதே மாறுவதற்கான முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். அல்பிரசோலம் போன்றவை 2014 முதல் ஹெச்1 பட்டியலில் இருப்பதால் கடைக்காரர் பதிவேட்டில் எழுதியே தர வேண்டும், சீட்டு இல்லாமல் கேட்டால் தரக் கூடாது.

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையில் அசிட்ரோம் வேறு, வார்ஃபரின் வேறு. ஒன்றின் ஒரு மில்லிகிராம் மற்றதன் ஒரு மில்லிகிராமுக்குச் சமமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ ஆபரேஷன் செய்துவிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டை ஊரில் பார்க்கிறவர், அந்த எண்களை எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பாஸ்போர்ட் மாதிரி காக்க வேண்டும். முந்தைய எண்களும் அப்போதைய அளவும் தெரியாமல் புது டாக்டரால் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

காகிதங்களைத் திரட்டுவது

பழைய டாக்டரிடம் கேட்கத்தான் எல்லோருக்கும் தயக்கம். ஒரே ஊர், ஒரே கோயில் திருவிழா அல்லது ஒரே சர்ச், கல்யாண வீட்டில் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். உள்ள காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. ‘டாக்டர், மகள் வீட்டுக்குப் பக்கத்துல காட்டலாம்னு இருக்கோம். இதுவரைக்கும் தந்த மருந்தும் டெஸ்டும் ஒரு சீட்டுல எழுதித் தந்தா அங்க காட்ட வசதியா இருக்கும்’ என்றால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் எழுதித் தருவார்கள். கூட்டமான சாயங்காலத்தில் இதைக் கேட்காதீர்கள். கம்பவுண்டரிடமோ நர்ஸிடமோ முன்கூட்டிச் சொல்லி, கூட்டம் ஒழிந்த நேரத்தில் போங்கள்.

சட்டமும் நம் பக்கம்தான். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ ஆவணங்களைக் கேட்டால் கேட்டதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்தவர்களின் பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. மூன்று வருடத்துக்குப் பிறகு போய்க் கேட்டால் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பதுதான் இதன் மறுபக்கம். ஆபரேஷன் நடந்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்திருந்தால் இப்போதே போய் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுச் சலித்துப்போனால் வெள்ளைத்தாளில் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், அனுமதித்த தேதி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மனநல சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தங்கள் பதிவைப் பார்க்கும் உரிமை 2017 மனநலச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது.

டாக்டர் இறந்துபோயோ வயதாகி கிளினிக்கை மூடியோ இருந்தால்? அப்போதும் வழி உண்டு. அவர் கிளினிக்கை ஒட்டிய மெடிக்கல் ஸ்டோரில் கம்ப்யூட்டர் பில் போட்டிருந்தால் உங்கள் பெயரிலோ போன் நம்பரிலோ ஆறு மாதப் பில்லைப் பார்த்து மருந்துப் பட்டியல் எடுக்கலாம். லேப்களில் போன் நம்பரைச் சொன்னாலே பழைய ரிசல்ட்களைத் திரும்ப அச்சடித்துத் தருவார்கள். இந்த இரண்டு இடமும் சேர்ந்தால் தொலைந்த பைலில் முக்கால்வாசி மீண்டுவிடும்.

பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் நெய்யூரில் வைத்தியம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மாவட்டத்தில் ‘எங்க வீட்டுக்கு நெய்யூர்தான்’ என்பது போல, டாக்டரைவிட ஆஸ்பத்திரியைச் சொந்தம் கொண்டாடும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் நோயாளிக்கு ஒரு எண் இருக்கும், பைல் அந்த எண்ணோடு நிற்கும். டாக்டர் ஓய்வு பெற்றாலும் அடுத்தவர் அதே பைலைத் திறப்பார். ஓ.பி. எண் எழுதிய அட்டையைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் புது எண் போட்டு வாங்கினால் மட்டும் அந்த வசதி போய்விடும். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆபா என்கிற 14 இலக்க ஆரோக்கியக் கணக்கு எடுத்திருந்தால் நல்லதுதான். ஆனால் அதில் ஆவணம் சேர, டாக்டரும் லேபும் அந்த அமைப்பில் இணைந்திருக்க வேண்டும். வீட்டு முன்னறையில் மேசை போட்டுப் பார்க்கும் டாக்டரின் சீட்டு தானாக அதில் போய் ஏறிக்கொள்ளாது.

காகிதத்தைக் காப்பதிலும் ஒரு விஷயம். ஈ.சி.ஜி. அச்சாகும் தாள் வெப்பத்தில் கறுக்கும் வகை. சூட்டில் வைத்தாலும், மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டாலும், மேலே டேப் ஒட்டினாலும் எழுத்து மங்கிவிடும். லாமினேட் செய்யக் கொடுத்தால் தாள் முழுக்கக் கறுத்தே போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போடுங்கள். இரண்டு பருவமழையும் அடிக்கும் ஊரில் பீரோவின் அடித்தட்டில் வைத்த பைல் ஆனி மாதமே பூசணம் பிடித்துவிடும், மேல் தட்டில் வையுங்கள். பழைய ஈ.சி.ஜி.யின் மதிப்பு நள்ளிரவில்தான் தெரியும். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் டியூட்டி டாக்டர் ஒரு மாறுதலைப் பார்ப்பார். இது இன்றைக்கு வந்ததா, ஐந்து வருடமாக இருப்பதா? பழைய தாள் பக்கத்தில் இருந்தால் அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

மாறக் கூடாத நேரம்

காய்ச்சலின் நடுவில் டாக்டரை மாற்றாதீர்கள். முதல் நாள் ஒருவர், மூன்றாம் நாள் இன்னொருவர், ஐந்தாம் நாள் மூன்றாமவர். சாதாரண வைரஸ் காய்ச்சல் ஐந்தாம் நாள் தானாக இறங்கும். கைராசிக்காரர் என்ற பேர் மூன்றாமவருக்கு, கைக்காசும் இரண்டு ஆன்டிபயாடிக்கும் நமக்கு. டெங்கு என்றால் விஷயம் வேறு. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும். முதல் நாளிலிருந்து தட்டணுவும் ரத்தத்தின் அடர்த்தியும் எப்படி நகர்ந்தன என்பதை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருப்பது உயிருக்கு நல்லது. மாறியே ஆக வேண்டும் என்றால் தினசரி ரத்த ரிசல்ட்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டு போங்கள்.

காசநோய் சிகிச்சையின் நடுவில் ஊர் மாறுகிறவர்கள் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல், காசநோய்த் திட்டத்தில் பதிந்தபோது தந்த நிக்ஷய் எண்ணைக் காட்டிப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத உதவித்தொகையும் அந்த எண்ணில்தான் வருகிறது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய்.

கர்ப்பிணிகள் மாறாமல் இருக்க முடியாது, நம் வழக்கமே மாற வைக்கிறது. ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள், டாக்டரும் மாறுவார். அம்மா வீட்டுக்குப் பலகாரம் கட்டுகிற அக்கறையோடு இவற்றையும் கட்ட வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்: பிரசவத் தேதியைச் சரியாகச் சொல்வது அதுதான். பின்னால் எடுக்கும் ஸ்கேன்கள் குழந்தையின் அளவை வைத்துத் தேதியைக் கணிப்பதால் முன்னேபின்னே போகும். முதல் ஸ்கேன் கையில் இல்லாவிட்டால், வளர்ச்சி குறைந்த குழந்தையா, தேதிதான் தப்பா என்று புது டாக்டர் தடுமாறுவார். அடுத்தது ரத்த வகை. தாய் நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தில் ஆன்ட்டி-டி ஊசி போட்டாயிற்றா என்று எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் தேவை. முன்பு சிசேரியன் ஆனவர் அந்த ஆபரேஷன் குறிப்பையும், சுகர் டெஸ்ட், டி.டி. ஊசித் தேதிகள் உள்ள தாய் சேய் அட்டையையும் எடுக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் ஆர்.சி.ஹெச். எண் புகுந்த வீட்டு ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவானது. பிறந்த ஊர் செவிலியரிடம் அதே எண்ணைக் கொடுங்கள், புதிதாகப் பதிய வேண்டாம். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

புது டாக்டரிடம் முதல் நாள்

உடம்பு நன்றாக இருக்கும் நாளில் போவது நல்லது. காய்ச்சலோடு போனால் அவர் காய்ச்சலைத்தான் பார்ப்பார். திங்கட்கிழமை சாயங்காலம் வேண்டாம். சீட்டில் டாக்டரின் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள், அது கட்டாயம். இல்லாத இடத்தில் நாள்பட்ட நோய்க்குச் சேராதீர்கள்.

கையில் இருக்கும் டெஸ்ட் புதியது என்றால் திரும்ப எடுக்கச் சொல்லும்போது பணிவாகக் கேட்கலாம். ஹெச்.பி.ஏ.1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, போன மாதம் எடுத்ததை இந்த மாதம் எடுப்பதில் பயன் குறைவு. தைராய்டு மாத்திரையின் அளவையோ கம்பெனியையோ மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்ப்பதில் அர்த்தம் உண்டு, பத்து நாளில் பார்ப்பதில் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை அவர் திரும்பக் கேட்டால் மறுக்காதீர்கள். வலி மாத்திரை விழுங்கியே பழகிய ஊர் இது, அந்த எண் சீக்கிரம் நகரும்.

அறையை விட்டு எழும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: ‘பழைய மாத்திரையில எதை நிறுத்தணும் சார்?’ புதிதாகத் தொடங்குவதை எல்லா டாக்டரும் எழுதுவார்கள், நிறுத்த வேண்டியதை எழுதுகிறவர்கள் குறைவு. ‘இவை நிறுத்தம்’ என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டைகளை மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ‘காசு தந்து வாங்கினதுல்லா’ என்று பாட்டி எடுத்து ஒளித்து வைப்பார், பிறகு ஒரு ராத்திரி தலைவலிக்கும்போது இரண்டையும் சேர்த்துப் போடுவார். பிரிக்காத அட்டையை பில்லோடு கொண்டு போனால் சில கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

பிரஷர் மருந்து மாறியிருந்தால் இரண்டு வாரம் கழித்து வீட்டு மெஷினில் ஏழு நாள் அளந்து எழுதுங்கள். காலையும் இரவும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, இரண்டிரண்டு தடவை. அந்தத் தாளோடு போகும் இரண்டாவது சந்திப்பில்தான் புது டாக்டர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். எண்களைப் பார்த்து அளவை மாற்றுகிறாரா, தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு முந்தைய சீட்டையே திரும்ப எழுதுகிறாரா? ஊசி போடுகிறாரா இல்லையா என்பதை வைத்து மார்க் போடுவதை நாம் எப்போது விடுவோமோ தெரியாது.

இரண்டாவது கருத்து கேட்பது டாக்டரை மாற்றுவது ஆகாது. ஆபரேஷன் சொன்னால், புற்றுநோய் என்று சந்தேகித்தால், தாராளமாக இன்னொருவரிடம் காட்டலாம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே அது ஓர் உரிமையாக இருக்கிறது. கேட்டுவிட்டுப் பழைய டாக்டரிடமே திரும்பி வரலாம். இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று பார்க்கிறவர்கள் மட்டும், எல்லாச் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரே ஒருவரை முடிவு செய்துகொள்ள வேண்டும். அது மார்த்தாண்டம் எம்.பி.பி.எஸ்.ஸாகவே இருக்கலாம்.

வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து போனிலேயே அப்பா அம்மாவுக்கு டாக்டர் மாற்றிவிடுகிறார்கள். வீடியோவில் பார்ப்பதற்கு 2020 மார்ச்சில் வந்த விதிமுறைகள் உண்டு. போதைப் பட்டியலில் உள்ள மருந்துகளை அந்த வழியில் எழுத முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டியதற்கும் கால் புண்ணுக்கும் வீடியோ உதவாது. பிள்ளைகள் செய்யக்கூடிய உருப்படியான வேலை அந்த ஒரு பக்கத்தை டைப் செய்து இரண்டு பிரதி எடுப்பது. ஒன்று பையில், ஒன்று எல்லோர் போனிலும். மருந்து மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை அனுப்ப வேண்டும். மேலே தேதி போட மறந்துவிடாதீர்கள், தேதி இல்லாத இரண்டு பக்கங்களில் எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது.